வாராவாரம் 5 பவுண்டு

இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் எக்கிள்ஸ் என்று ஒரு ஊர். அங்கே பீட்டர் பெஸ்விக் என்று ஒரு கிழவர் கரி வியாபாரம் செய்து வந்தார். வியாபாரம் என்றதும் கடை, கல்லாப்பெட்டி, போர்டு என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். அவரிடம் இருந்தது ஒரு லாரி, ஒரு தராசு, சில எடைக்கற்கள். அவ்வளவுதான். கரி வாரியத்தின் கிடங்குக்கு லாரியைக் கொண்டு போவார், அங்கேயே மூட்டை கட்டுவார், தெருத்தெருவாகப் போய் வாடிக்கைக்காரர்களுக்குப் போடுவார். கூடமாட ஒத்தாசைக்கு ஜான் என்று ஒரு பையன். உறவுதான். அண்ணன் மகனா, தம்பி மகனா என்று கேட்காதீர்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அவன் பெயரிலும் பெஸ்விக் இருப்பதால் பங்காளி வீட்டுப் பையன் என்று வைத்துக் கொள்ளலாம்.

1962 மார்ச்சில் பீட்டருக்கும் அவர் மனைவி ரூத்துக்கும் 70 வயதைத் தாண்டிவிட்டது. பீட்டருக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். உடம்பும் சரியில்லை. கிழவர் போவதற்குள் வியாபாரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஜானுக்கு அவசரம். இருவரும் ஒரு வக்கீலிடம் போய் அக்ரிமெண்ட் போட்டார்கள். வியாபாரம் ஜானுக்கு. அதற்குப் பதிலாக பீட்டர் உயிரோடு இருக்கும்வரை 'ஆலோசகர்' என்ற பெயரில் வாரம் 6 பவுண்டு 10 ஷில்லிங். அவர் காலத்துக்குப் பிறகு ரூத்துக்கு வாரம் 5 பவுண்டு, அவர் உயிரோடு இருக்கும்வரை.

1963 நவம்பரில் பீட்டர் இறந்தார். ஜான் ரூத்திடம் 5 பவுண்டு கொடுத்தான். ஒரே ஒரு வாரம்! அடுத்த வாரத்திலிருந்து நிறுத்திவிட்டான்.

ரூத் கோர்ட்டுக்குப் போனார். ஜான் தரப்பு வைத்த வாதத்தைக் கேட்டால் முதலில் கோபம்தான் வரும். ஆனால் சட்டம் படித்தவர்களுக்கு அது பழகிய வாதம். "நான் ஒப்பந்தம் போட்டது பெரியவரோடு. இந்த அம்மாவோடு அல்ல. அவர் கையெழுத்து இதில் எங்கே இருக்கிறது?"

உண்மைதான், இல்லை. அந்தக் காகிதத்தில் ரூத்துக்குச் சேர வேண்டிய தொகை இருக்கிறது, அவர் கையெழுத்து மட்டும் இல்லை.

ஒப்பந்தச் சட்டத்தில் மூன்றாம் நபர் என்று ஒரு அத்தியாயம் வரும். பரீட்சைக்கு முந்தின இரவு பாதிப் பேர் 'சாய்ஸில் விட்டுவிடலாம்' என்று தள்ளிவிடுகிற அத்தியாயம். அசைன்மெண்ட், டெலிகேஷன், பிரிவிட்டி என்று பெயர்களே பயமுறுத்தும். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. இரண்டு பேர் பேசி முடித்த ஒரு விஷயத்துக்குள் மூன்றாவது ஆள் எப்படி வரலாம்? மூன்று வழியாக வரலாம். வாங்க வேண்டியவர் தன் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடலாம். செய்ய வேண்டியவர் தன் வேலையை அவர் தலையில் கட்டிவிடலாம். அல்லது ஆரம்பத்திலிருந்தே பேச்சே அவருக்காகத்தான் நடந்திருக்கலாம், ரூத்துக்கு நடந்த மாதிரி. இந்த மூன்று பேரில் சட்டம் யாரிடம் ரொம்பத் தாராளமாக நடந்துகொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்காக ஒப்பந்தம் போடப்பட்டதோ அவரிடம்தான் என்று தோன்றும். நடப்பது தலைகீழ்.

முதலில் வருகிறவரைப் பார்ப்போம், உரிமையை விலைக்கோ சும்மாவோ வாங்கிக்கொண்டு வருகிறவர். இவருக்குக் கதவு கிட்டத்தட்ட முழுசாகத் திறந்திருக்கிறது. ஒருவர் ஒரு வங்கியில் கடன் வாங்குகிறார். தவணை கட்ட முடியாமல் போகிறது. கொஞ்ச நாள் கழித்து, கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியிடமிருந்து கடிதம் வருகிறது: 'உங்கள் கடனை நாங்கள் வாங்கிவிட்டோம், இனி எங்களிடம் கட்டவும்.' நீங்கள் யார், உங்களை எனக்குத் தெரியாதே என்று இவர் சொன்னால் எடுபடாது. வங்கிக்கு இவர் தர வேண்டிய பணம் வங்கியின் சொத்து. சொத்தை விற்கிற மாதிரி அதையும் விற்கலாம். கடனாளியின் சம்மதம் தேவையில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 130-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. வாராக் கடன்களை வாங்கும் கம்பெனிகளுக்காக 2002-ல் தனிச் சட்டமே வந்தது. ஒரு வங்கி தன் வாராக் கடனை இன்னொரு வங்கிக்கு விற்கலாம் என்று 2010-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கடனாளிக்கு இருக்கிற பாதுகாப்பு இரண்டு. கடன் கை மாறியது தெரியாமல், நோட்டீஸ் வருவதற்கு முன்னால் பழைய ஆளிடமே பணம் கட்டியிருந்தால் அது செல்லும். இரண்டாவது, பழைய ஆளிடம் சொல்லியிருக்கக்கூடிய நியாயங்களைப் புது ஆளிடமும் சொல்லலாம். பழைய ஆள் ஏமாற்றியிருந்தால் புது ஆள் அந்த ஏமாற்றுக்கும் சேர்த்துத்தான் வாரிசு. (நோட்டீஸ் வந்த தேதியைக் கவரோடு பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. நிறைய வழக்குகள் அந்தத் தேதியில்தான் நிற்கின்றன.)

வாங்குகிற உரிமை இப்படி ஊர் சுற்றும். செய்ய வேண்டிய கடமை அப்படிச் சுற்றாது. ஒரு கல்யாணத்துக்குப் பெரிய நாதஸ்வர வித்வானைப் பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. முகூர்த்தத்தன்று அவர் தன் சிஷ்யனை அனுப்பிவைக்கிறார். சிஷ்யன் நன்றாகவே வாசிக்கட்டும், ஆனாலும் பெண் வீட்டார் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் பேசியது வாசிப்பை மட்டும் அல்ல, ஆளையும் சேர்த்து. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் 40-ஆம் பிரிவு இதற்கு ஒரு ஓவியரை உதாரணம் காட்டுகிறது. படம் வரைந்து தருகிறேன் என்றவர் தானேதான் வரைய வேண்டும். ஆனால் அதே கல்யாணத்துக்குச் செங்கல் அடுப்பு போட 200 செங்கல் இறக்கச் சொல்லியிருந்தால்? யார் லாரியில் வந்தால் என்ன, செங்கல் செங்கல்தான்.

1880-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு கம்பெனி ரயில் வேகன்களை வாடகைக்கு விட்டிருந்தது. பழுது பார்த்துக் கொடுக்கும் பொறுப்பும் அதற்கே. அது மூடுவிழா நடத்தி, ஒப்பந்தத்தை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டது. வாடகைக்கு எடுத்தவர், 'பழைய ஆள்தான் ரிப்பேர் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது' என்றார். வேகன் ரிப்பேருக்கு என்ன பெரிய கலைநயம், தெரிந்த எவனும் செய்யலாம் என்று கோர்ட் அவரை அனுப்பிவைத்தது. ஆனால் 1857-ல் இதற்கு நேர்மாறான ஒன்று. ஜோன்ஸ் என்பவர் பிராக்கில்ஹர்ஸ்ட் கடைக்குத் தோல் குழாய் ஆர்டர் அனுப்பினார். அன்றைக்குத்தான் பிராக்கில்ஹர்ஸ்ட் தன் கடையை அங்கே வேலை பார்த்த போல்டனுக்கு விற்றிருந்தார். போல்டன் குழாயை அனுப்பிவிட்டு பில்லை நீட்டினார். ஜோன்ஸ் பணம் தர மறுத்தார், ஜெயித்தும்விட்டார்! காரணம், பிராக்கில்ஹர்ஸ்ட் ஜோன்ஸுக்குப் பணம் தர வேண்டியிருந்தது. அந்தப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் அந்தக் கடைக்கே ஆர்டர் கொடுத்தார். குழாய் யாரிடம் வாங்கினாலும் குழாய்தான், ஆனால் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு.

இன்னொன்றும் உண்டு. வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டதால் மட்டும் முதல் ஆள் தப்பிக்க முடியாது. அந்த இன்னொருவர் சொதப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் பழைய ஆள்தான், எதிராளி அவரை விடுவித்தால் ஒழிய. நம் உச்ச நீதிமன்றம் 1962-ல் கர்தா கம்பெனி வழக்கில் இதைத் தெளிவாக எழுதியது: உரிமையை மாற்றலாம், கடமையை எதிராளியின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம அய்யர். தீட்சிதர் கிருதிகளில் கரை கண்டவர் என்று சங்கீத உலகம் கொண்டாடிய அதே ஆள்தான். வித்வானுக்குப் பதில் சிஷ்யன் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை :-)

இப்போது ரூத்தின் கட்சிக்கு வருவோம். தனக்காகவே போடப்பட்ட ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாதவர்கள்.

இந்தக் கட்சியின் ஆதி தலைவர் வில்லியம் ட்வெடில். கல்யாணம் ஆனவர். அவருடைய அப்பாவும் மாமனாரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டார்கள்: அப்பா 100 பவுண்டு, மாமனார் 200 பவுண்டு, இரண்டும் மாப்பிள்ளைக்கு. யாராவது கொடுக்காவிட்டால் மாப்பிள்ளையே கோர்ட்டுக்குப் போகலாம் என்றுகூட அந்தக் காகிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். மாமனார் கொடுக்காமலே இறந்துபோனார். மாப்பிள்ளை அவருடைய சொத்தை நிர்வகித்தவர் மீது வழக்குப் போட்டார். 1861-ல் தீர்ப்பு. தோல்வி. நீ எதுவும் கொடுக்கவில்லையே, அப்புறம் எப்படிக் கேட்பாய் என்றது கோர்ட். பத்திர எழுத்தர்கள் பிரதிபிரயோஜனம் என்று எழுதுவார்களே, அந்த மறுபயன் அவரிடமிருந்து வரவில்லையாம். ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்க மட்டும் அவர் கட்சிக்காரர், அவர் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் கட்சிக்காரர் இல்லை, இது என்ன நியாயம் என்று ஒரு நீதிபதி கேட்டார்.

கேள்வியில் ஒரு தர்க்கம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் எழுதியவர்கள் இருவரும் மாப்பிள்ளையே வழக்குப் போடட்டும் என்று எழுதியிருக்கும்போது, அவர்கள் மனதில் இருந்ததை மீறி யாரைக் காப்பாற்றுகிறது இந்தத் தர்க்கம்? கொடுக்காமல் விட்டவரின் சொத்தைத்தான். இத்தனைக்கும் 1677-ல் அதே நாட்டில் இதற்கு எதிரான தீர்ப்பு ஒன்று இருந்தது. மகளின் சீருக்காக அப்பா தோட்டத்து மரங்களை வெட்டப் போனார். 'வெட்டாதீர்கள், தங்கைக்கு 1000 பவுண்டு நான் தருகிறேன்' என்றான் மகன். மரங்கள் பிழைத்தன, அப்பா போனார், மகன் கையை விரித்தான். தங்கை வழக்குப் போட்டு ஜெயித்தாள். அப்பா-மகள் பாசத்தையே போதுமான காரணமாக அன்றைய கோர்ட் எடுத்துக்கொண்டது. 184 வருஷம் கழித்து வந்தவர்கள் அது பழைய காலத்துச் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டார்கள்.

ட்வெடில் தோற்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1859-ல், நியூயார்க் மாகாணத்தில் இதே கேள்விக்கு வேறு பதில் வந்திருந்தது. ஹோலி என்பவர் ஃபாக்ஸிடம் 300 டாலர் கொடுக்கிறார். 'லாரன்ஸுக்கு நான் 300 தர வேண்டும், நாளைக்கு நீ அவரிடம் கொடுத்துவிடு' என்கிறார். ஃபாக்ஸ் சரி என்கிறார், கொடுக்கவில்லை. லாரன்ஸ் நேராக ஃபாக்ஸ் மேல் வழக்குப் போட்டார், ஜெயித்தார். யாருக்காக வாக்குக் கொடுக்கப்பட்டதோ அவர் கேட்கலாம் என்று அமெரிக்கா அன்றே கிளம்பிவிட்டது. அதிலும் ஒரு நீதிபதி, லாரன்ஸுக்கு இந்தப் பேச்சில் எந்தப் பங்கும் இல்லையே என்று மாறுபட்டு எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியா? நமக்குச் சட்டம் எழுதியவர்கள் 1872-ல் ஒரு சின்ன வேலை செய்தார்கள். மறுபயன் என்றால் என்ன என்று விளக்கும் 2(டி) பிரிவில், அதை வாக்குறுதி பெற்றவர் கொடுத்தாலும் சரி, 'வேறு எவர் கொடுத்தாலும் சரி' என்று சேர்த்துவிட்டார்கள். ட்வெடிலைத் தோற்கடித்த வாதத்தின் முதுகெலும்பு இதோடு போயிற்று.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் 1880-களின் தொடக்கத்தில் தீர்ப்பான சின்னையா - ராமையா வழக்கு. ஒரு வயதான அம்மா தன் நிலத்தை மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைக்கிறார். தன் உடன்பிறந்தவருக்கு வருஷம் 653 ரூபாய் மகள் கொடுத்து வர வேண்டும் என்று நிபந்தனை. மகளும் அன்றைக்கே அந்த உறவினருக்கு, தருகிறேன் என்று தனியாக எழுதிக் கொடுக்கிறாள். பிறகு, 'நீங்கள் எனக்கு எதுவும் தரவில்லையே' என்று மறுக்கிறாள். அம்மா நிலம் கொடுத்தாள் அல்லவா, அது போதும் என்றது ஹைகோர்ட். இரண்டு நீதிபதிகளில் ஒருவர் அந்த 1677 மரம் வெட்டும் வழக்கைத் தூசி தட்டி எடுத்தார், மற்றவர் 2(டி) பிரிவைக் காட்டினார். இங்கிலாந்து கைவிட்ட தங்கைக்கு மெட்ராஸில் மறுவாழ்வு!

ஆனால் இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம். விடைத்தாளில் 'எனவே இந்தியாவில் மூன்றாம் நபர் வழக்குப் போடலாம்' என்று எழுதினால் மார்க் போய்விடும். அந்த வழக்கில் மகள் அந்த உறவினருக்கே நேராக எழுதிக் கொடுத்திருந்தாள். ஆகவே அவர் மூன்றாம் நபரே அல்ல. காசு வேறு கையிலிருந்து வந்தது, வாக்கு இவருக்கே கொடுக்கப்பட்டது. வாக்கும் இவருக்குக் கொடுக்கப்படவில்லை என்றால்? 1911-ல் லண்டன் பிரிவி கவுன்சில் பதில் சொன்னது. ஒருவர் தன் அடமானச் சொத்தை விற்கிறார். 'அடமானக்காரருக்கு நானே கட்டிவிடுகிறேன்' என்று வாங்கியவர் விலையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறார். கட்டவில்லை. அடமானக்காரர் வழக்குப் போட்டார். அந்த வாக்கு உனக்குக் கொடுத்ததல்ல என்று அனுப்பிவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1969-ல் நம் உச்ச நீதிமன்றமும், சாக்கோ என்பவருக்கும் ஒரு வங்கிக்கும் நடந்த வழக்கில், இதே பாதையில்தான் நடந்தது. விதி விதிதான், டிரஸ்ட், சொத்தின் மேல் பொறுப்பு ஏற்றுவது, குடும்ப ஏற்பாடு இவை விதிவிலக்குகள்.

விதிவிலக்கு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அதற்குப் பின்னால் ஹுசைனி பேகம் என்று ஒரு பெண் இருக்கிறார். 1877-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தபோது அவரும் சிறுமி, மாப்பிள்ளையும் சிறுவன். மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தார்: மருமகள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாதம் 500 ரூபாய் அவள் கைச்செலவுக்கு. வடக்கே அதற்கு 'கர்ச்-இ-பான்தான்' என்று பெயர், வெற்றிலைப் பெட்டிச் செலவு. பெயரைப் பார்த்துச் சின்னத் தொகை என்று நினைக்க வேண்டாம், பெரிய வீட்டுப் பெண்களுக்கு அதுதான் சொந்தப் பணம். இந்தத் தொகைக்குப் பொறுப்பாகக் குறிப்பிட்ட சில நிலங்களையும் எழுதி வைத்தார். பேகம் 1883-ல் புகுந்த வீடு வந்தார். 1896-ல் மனக்கசப்பாகி வெளியேறினார். பாக்கியைக் கேட்டு மாமனார் மேல் வழக்கு.

மாமனாரின் வக்கீல்கள் எடுத்துக் காட்டியது என்ன தெரியுமா? ட்வெடில் வழக்கு. பெண் இதில் கட்சிக்காரர் இல்லை!

1910-ல் பிரிவி கவுன்சில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் சையத் அமீர் அலி. அவருக்கு இந்த ஊர்க் கல்யாணம் எப்படி நடக்கும் என்று தெரியும். குழந்தைகளுக்குப் பெற்றோர் பேசி முடிக்கிற நாட்டில், பேச்சில் கலந்துகொள்ளவில்லை என்று அந்தக் குழந்தையிடமே சொல்வது பெரிய அநியாயம் ஆகும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நிலத்தின் மேல் பொறுப்பு ஏற்றியிருந்ததால், அது அவருடைய உரிமையே என்றும் சொன்னார். இரண்டு அப்பாக்கள், ஒரு கல்யாணம், ஒரு வாக்குறுதி. ட்வெடில் தோற்றார், பேகம் ஜெயித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், சட்டம் மாறியதா, நீதிபதியின் கண்ணுக்குக் குடும்பம் தெரிந்ததா என்று கேட்கத் தோன்றும். இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

எக்கிள்ஸுக்குத் திரும்புவோம். ரூத் ஒரு காரியம் செய்திருந்தார், அல்லது அவருடைய வக்கீல் செய்யவைத்திருந்தார். 1964-ல் இறந்த கணவரின் சொத்துக்கு நிர்வாகியாகத் தன்னை நியமிக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். பிறகு இரண்டு வேஷத்தில் வழக்குப் போட்டார். ஒன்று ரூத்தாக. இன்னொன்று பீட்டரின் இடத்தில் நிற்கும் நிர்வாகியாக.

கீழ்க் கோர்ட்டில் தோல்வி. மேல்முறையீட்டில் டென்னிங் பிரபு இருந்தார். விதவைகளும் ஏமாந்தவர்களும் அவர் முன்னால் போய் நின்றால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம் என்பார்கள். ரூத் இரண்டு வேஷத்திலுமே ஜெயிக்கலாம் என்று அவர் எழுதினார். ஜான் விடவில்லை, பிரபுக்கள் சபைக்குப் போனான். 1967 ஜூனில் கடைசித் தீர்ப்பு. ரூத்தாக அவர் கேட்க முடியாது என்றார்கள். டென்னிங் கட்டிய வீட்டில் பாதி இடிந்தது. ஆனால் நிர்வாகியாகக் கேட்கலாம்!

அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. பீட்டரின் இடத்தில் நின்று நஷ்டஈடு கேட்டால் எவ்வளவு கிடைக்கும்? ஜான் பணம் தராததால் நஷ்டப்பட்டது ரூத், இறந்துபோன பீட்டருக்கு என்ன நஷ்டம்? பேருக்கு சில ஷில்லிங் என்று சொல்லி முடித்துவிடலாம். வியாபாரத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவன் சில்லறையோடு தப்பிப்பதா? அதனால் நஷ்டஈடு வேண்டாம், சொன்னபடி செய் என்றார்கள். நம் சிவில் கோர்ட்டுகளில் 'ஏற்றதை ஆற்றுக' என்று அழகாக ஒரு பரிகாரம் உண்டே, அதுதான். ஜான் வாராவாரம் 5 பவுண்டு ரூத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும், அவர் உயிரோடு இருக்கும்வரை.

நல்ல முடிவு என்று பெருமூச்சு விடுவதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். பீட்டர் உயில் எழுதி, அதில் ஜானையே நிர்வாகியாகப் போட்டிருந்தால்? குடும்பத்தில் விவரம் தெரிந்த ஆண்பிள்ளை அவன்தான் என்று போட்டிருக்கக்கூடியவர்தானே. அப்போது ஜான்மேல் வழக்குப் போட வேண்டியவன் ஜான். ரூத் கையில் ஒப்பந்தத்தின் நகல் மட்டும் இருந்திருக்கும். அதே கணவர், அதே காகிதம், அதே வாக்குறுதி. ஆனால் ஒரு பைசா பெயர்ந்திருக்காது. செத்தவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்ததால்தான் அந்த அம்மாவைக் கோர்ட் உள்ளே விட்டது. சொந்தக் காலில் நடந்து வந்தபோது விடவில்லை.

இது நீதிபதிகளுக்கும் உறுத்தியது. மூன்றாம் நபருக்கு உரிமை கொடுக்க வேண்டும் என்று 1937-லேயே ஒரு குழு சொல்லியிருந்தது. பாராளுமன்றம் இன்னும் தாமதம் செய்தால் நாங்களே இதில் கை வைக்க வேண்டியிருக்கும் என்கிற தொனியில் ரீட் பிரபு எழுதினார். பாராளுமன்றம் அதற்குப் பிறகும் 32 வருஷம் எடுத்துக்கொண்டது. 1999 நவம்பரில் மூன்றாம் நபர் உரிமைச் சட்டம் வந்தது. பெயரோ அடையாளமோ குறிப்பிட்டு ஒருவருக்கு நன்மை தருவதாக எழுதினால், அவரே வழக்குப் போடலாம். அவர் சரி என்று தெரிவித்துவிட்ட பிறகு, மற்ற இருவரும் அவரைக் கேட்காமல் அதை மாற்றவும் முடியாது. ரூத்துக்கு இன்று அந்த இரட்டை வேஷம் தேவைப்பட்டிருக்காது.

இந்தியாவில் 1958-லேயே சட்ட ஆணையம் தன் 13-ஆம் அறிக்கையில் இப்படி ஒரு திருத்தம் வேண்டும் என்று சொன்னது. வரவில்லை. விதியும் விதிவிலக்குகளுமாகத்தான் வண்டி ஓடுகிறது. விதிவிலக்குக்குள் நுழைய முடிந்தவருக்கு நல்லதுதான், ஆனால் நுழைய முடியுமா என்று தெரிந்துகொள்ளவே பல வருஷம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். 70 வயது அம்மாவுக்கு அந்த வருஷங்கள்தான் ஏது? ஒரே ஒரு இடத்தில் சட்டம் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. மணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-ன் 6-ஆம் பிரிவின் கீழ், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஆயுள் இன்சூரன்ஸ் எடுத்தால் அது டிரஸ்ட் ஆகிவிடும். கணவனின் கடன்காரர்கள்கூடப் பொதுவாக அதைத் தொட முடியாது. பாலிசி விண்ணப்பத்தில் இதற்கென்று கேட்டு வாங்கி எழுத வேண்டும், தானாக வராது. ஏஜெண்டுகளில் பலர் சொல்வதும் இல்லை.

இங்கிலாந்தில் 1999 சட்டம் வந்த பிறகு நடந்தது இன்னொரு வேடிக்கை. அந்தச் சட்டமே, கட்சிக்காரர்கள் விரும்பினால் மூன்றாம் நபருக்கு உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொள்ளலாம் என்கிறது. அவ்வளவுதான், வக்கீல்கள் எல்லா ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்திலும் அந்த ஒரு வரியைப் போட ஆரம்பித்தார்கள். இன்று லண்டனில் தயாராகும் கம்பெனி ஒப்பந்தம் எதையாவது எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வரி இருக்கும். 62 வருஷம் காத்திருந்து திறந்த கதவுக்கு ஒரே வரியில் பூட்டு. கம்பெனிகள் பூட்டிக்கொள்ளட்டும், அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார்கள். லாரியையும் தராசையும் எழுதிக் கொடுக்கிற பெரியவர்கள் கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடமும் ஒரு கையெழுத்து வாங்கச் சொல்லட்டும்.